ஞாயிறும் வெற்றிலையும்

திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றித் தொடங்குவது சிலப்பதிகாரம். கீழைத்தேயக் கல்லூரியில் ஆண்டுதோறும் அதனைக் கற்பிக்கும் யான் ஞாயிற்றைக் குறைத்துப் பேசேன். ஆயினும், ஞாயிற்றின் பெயரால் பரவிவரும் நம்பிக்கையொன்றை ஆராய வேண்டியவனாயுள்ளேன்.

சென்ற மாதம் அட்டனை அடுத்த தோட்டமொன்றில் பழைய மாணவன் ஒருவனின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். கொழுந்து பறித்து மீண்ட அவன் தாயார் ஒரு போத்தலைக் காட்டினார். "விற்றமின் டி குளிசைங்க ஐயா. மகன் கொழும்புல வாங்கியாந்தது. இதத் தின்னா புத்துநோய் அண்டாதாமுங்க" என்றார். குளிசையை விழுங்கிய கையோடு, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிப் பாக்கும் புகையிலையும் சேர்த்து வாயிலிட்டார். யான் வாய் திறந்திலேன். என் வாயிலும் அப்போது தாம்பூலமே இருந்தது.

ஞாயிற்றுக் கதிர் தோலிற் படுங்கால் விற்றமின் டியை உடலே ஆக்கிக்கொள்கின்றது. என்புகளின் உறுதிக்கு அஃது இன்றியமையாதது. மூடுபனி சூழ்ந்த நுவரெலியாவிலும் குறைவுடையோர்க்கு வைத்தியர் அதனைக் கொடுத்தல் முறையே. புற்றுநோயைப் பற்றிய பேச்சோ வேறு. வெயில் மிகுந்த இடங்களில் பெருங்குடற்புற்று குறைதலைக் கண்ட கார்லண்ட் உடன்பிறந்தார் இருவர், விற்றமின் டி அதற்குக் காரணமாகலாம் என 1980இல் எழுதினர். அமெரிக்காவில் 25,871 பேரைக்கொண்டு நடந்த 'வைற்றல்' ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. நாடோறும் 2,000 அலகு உண்டோர்க்கும் வெறுங்குளிசை உண்டோர்க்கும் புற்றுநோய் தோன்றுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. நோயுற்றோரின் இறப்பு குறையலாம் என்னும் குறிப்பு ஓரளவு தென்பட்டது. அது முடிந்த முடிபன்று.

பாக்கின் செய்தியிலோ ஐயமில்லை. புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கும் புற்றுநோய் விளைப்பதென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004இல் வெளியிட்ட நூல் உறுதிசெய்தது. இலங்கை ஆடவரிடையே மிகுந்து காணப்படும் புற்றுநோயும் வாய்ப்புற்றே.

குளிருக்கும் களைப்புக்கும் தாம்பூலம் துணையன்றோ என்பர். மெய்யே, நாள் முழுதும் மலைச்சரிவில் நிற்போரை இகழ்தல் தகாது. ஆயின், புலராமுன் எழுந்து உழைக்கும் அவர்க்கு நாம் உண்மையைச் சொல்லவேண்டாமா? நோயின் வேரை வாயில் அடக்கிக்கொண்டு, காப்பைக் குளிசையில் தேடுவது, ஓட்டைக் குடத்திற்கு மூடி தேடுவதாகும். ஆசிரியர்காள், வாயில் வெண்படலமோ ஆறாப்புண்ணோ இரு கிழமை நீடிப்பின் வைத்தியரைக் காணவேண்டுமென வகுப்பில் சொல்லுங்கள். மாணவர் அதனை லயன்களுக்குக் கொண்டுசெல்வர்.

என் வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டேன். வரும் ஞாயிறன்று அத்தாயாரிடம் சென்று, அன்று சொல்லாததைச் சொல்வேன்.