பிள்ளையின் முதற் கத்தி

“கத்தியைத் தொடாதே!” என்னும் கட்டளை ஒலிக்காத இல்லம் நம்மிடையே அரிது. எமது இல்லத்திலும் அது நாள்தோறும் ஒலித்தது. அதன் பயனைச் சென்ற ஆண்டு கண்டோம்.

ஒன்பது வயதான எம் இளைய மகன், பென்சில் சீவுவதற்கெனச் சவர பிளேட்டின் பாதித் துண்டொன்றைப் புத்தகப் பையினுள் ஒளித்து வைத்திருந்தான். அது அவன் சுட்டுவிரலை வெட்டிவிட்டது. ஏச்சுக்கு அஞ்சிய சிறுவன், காயத்தைத் துணியாற் சுற்றி இரண்டு நாள் மறைத்தான். விரல் வீங்கிய பின்னரே நாம் அறிந்தோம், வைத்தியரிடம் விரைந்தோம். காயம் ஆறியது. ஆனால், வெட்டியது பிளேட்டாயினும் மறைக்கச் செய்தது எமது கட்டளையே என்பதை எண்ணி நாணினோம். அவனுக்கென ஒரு கத்தி வாங்குவதென்று அன்றே முடிவு செய்தோம்.

பிள்ளைகள் விரும்புவது மடக்குக்கத்தியையே. ஆனால், பூட்டில்லாத மடக்குக்கத்தி, அழுத்தும்போது மடிந்து விரலை நறுக்கக்கூடும். ஆகவே முதற் கத்தி மடங்காததாய், 3 அங்குலத்துக்கு மேற்படாததாய், நுனி உருண்டதாய் இருத்தல் நன்று. பிடி, பிள்ளையின் கைக்குள் அடங்கவேண்டும், வழுக்கலாகாது. நுனி மழுங்கியிருக்கலாம், வாய் மழுங்கலாகாது. மழுங்கிய கத்தியை வலிந்து அழுத்த நேரிடும். அவ்வாறு அழுத்தும்போதே அது வழுக்கி விரலிற் பாயும்.

பாடத்தை வாழைப்பழத்தில் தொடங்கினோம்; பின்னர் வெண்டிக்காய், அதன்பின் வெள்ளரிக்காய். உருளும் காயை நாமே இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் பலகையிற் படியுமாறு வைத்துக் கொடுத்தோம். காயைப் பற்றும் கையின் விரல்நுனிகள் உள்நோக்கி மடிந்திருக்கவேண்டும். தடி சீவுவதாயின், அமர்ந்திருந்து, உடலுக்கு அப்பாற் சீவுதல் வேண்டும். கை எட்டும் தூரத்தில் ஒருவரும் நிற்றலாகாது. கத்தியைக் கைக்குக் கை மாற்றாது, மேசைமீது வைத்தே கொடுக்கவேண்டும். நழுவும் கத்தியைப் பிடிக்க முயலாது, கையையும் காலையும் விலக்கிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துத் தாயிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

இவையாவற்றுக்கும் முன்னதாக, “வெட்டுப்பட்டால் உடனே சொல், ஏசமாட்டோம்” என்று வாக்களித்தோம். சிறு வெட்டாயின், தூய நீராற் கழுவி, சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாது அழுத்தினால் பெரும்பாலும் குருதி நிற்கும். கோப்பித்தூளோ மஞ்சளோ அப்புதல் தவறு. ஆழமான காயமெனில் வைத்தியசாலைக்கே செல்லவேண்டும். ஏற்புவலித் தடுப்பூசி பற்றியும் அங்கு கேட்டறிதல் வேண்டும்.

சென்ற வாரம் வெள்ளரிக்காய் நறுக்குகையில் அவன் விரலிற் சிறு கீறல் விழுந்தது. “அப்பா, கை வெட்டிப்போட்டுது!” என்று கூவியவாறு எம்மிடம் ஓடிவந்தான். துணியை எடுத்து அழுத்தினோம். காயம் சிறிது, அவன் மறைக்காது ஓடிவந்ததே எமக்குப் பெரிது.