பழைய கணினிக்குப் புதிய வேகம்

புக்கிட் பாத்தோக்கின் வீவக புளோக்குகளில், குப்பை சேகரிக்கும் இடத்தின் அருகே சில வேளைகளில் ஒரு மேசைக்கணினி கேட்பாரற்றுக் கிடக்கும். திரையில் கீறல் இருக்காது. விசைப்பலகையில் ஓர் எழுத்துகூட அழிந்திருக்காது. "மிகவும் மெதுவாக இயங்குகிறது" என்பதே பெரும்பாலும் அதன்மீது சுமத்தப்படும் குற்றம். உண்மையில், அந்தத் தாமதத்திற்குப் பல நேரங்களில் கணினியின் உள்ளே இருக்கும் ஒரே ஓர் உறுப்புதான் காரணம்.

அதுதான் வன்தட்டு. மேசைக்கணினியின் வன்தட்டு பொதுவாக நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும். கேட்பதற்கு இது பெரிய வேகமாகத் தோன்றலாம். ஆனால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8 மில்லிவினாடி ஆகிறது. தகவலைப் படிக்கும் முனை, இசைத்தட்டின் ஊசியைப் போலச் சரியான இடத்திற்கு நகர்ந்து, அந்தப் பகுதி சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். கணினியைத் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளுக்காக இப்படிக் காத்திருந்தால் தாமதம் ஏற்படாமல் இருக்குமா? எஸ்எஸ்டி எனப்படும் திடநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் பாகமே இல்லை. தகவல் மின்னணுச் சில்லுகளில் இருப்பதால், ஒரு மில்லிவினாடியின் பத்தில் ஒரு பங்கு நேரமே போதும். சில நிமிடங்கள் எடுத்த கணினி பெரும்பாலும் அரை நிமிடத்திற்குள் தயாராகிவிடும்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கின்றனர். சிம் லிம் சதுக்கத்திற்குச் சென்று, இருப்பதிலேயே மிக வேகமானதைக் கேட்கின்றனர். வினாடிக்கு 3,500 மெகாபைட்டுக்கும் மேல் படிக்கும் என்விஎம்இ வகையைப் பொருத்த, பத்துப் பதினைந்து ஆண்டு பழைய தாய்ப்பலகையில் பெரும்பாலும் இடமே இருக்காது. இணைப்பட்டை வாங்கிப் பொருத்தினாலும், பல பழைய கணினிகளால் அதிலிருந்து இயங்கத் தொடங்க முடியாது. வினாடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் படிக்கும் சாட்டா வகையே அவற்றுக்குப் பொருத்தமானது. மின்கம்பி ஒன்று, தகவல்கம்பி ஒன்று; வேலை முடிந்தது. பள்ளிப் பாடங்களைச் செய்யும் மாணவர் இவ்விரு வகைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை உணரப்போவதில்லை.

எல்லாப் பழைய கணினிகளையும் இப்படி மீட்டுவிட முடியுமா? முடியாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிவுக்கு வந்தது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, பல பழைய செயலிகளை ஏற்பதில்லை. சேமிப்பகத்தை மாற்றுவதால் இந்தச் சிக்கல் தீராது. லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவலாம். ஆனால், அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். தாய்ப்பலகையே பழுதடைந்திருந்தால், பணம் செலவழிப்பது வீண்.

இருப்பினும், சோதித்துப் பார்க்காமலேயே வீசுவதை ஏற்க முடியாது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது. ஒவ்வொருவரும் 70 கைப்பேசிகளை வீசுவதற்கு இது சமம் என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். 2021 ஜூலை முதல் இக்கழிவைச் சேகரித்து மறுபயனீடு செய்ய நாடளாவிய திட்டம் நடப்பில் உள்ளது. அது தேவையான திட்டம்தான். ஆனால், மறுபயனீட்டில் கிடைப்பது உலோகமும் பிளாஸ்டிக்கும்; இயங்கும் கணினி அன்று.

இயங்கும் கணினியின் மதிப்பு 2020 ஏப்ரலில் தெரிந்தது. பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறியபோது, சில வீடுகளில் பிள்ளைகளுக்குக் கணினி இல்லை. 'இன்ஜினியரிங் குட்' என்ற அறநிறுவனத்தின் தொண்டூழியர்கள், மற்றவர்கள் ஒதுக்கிய மடிக்கணினிகளைத் திரட்டிப் பழுதுபார்த்து அக்குடும்பங்களுக்குக் கொடுத்தனர். யாரோ பழையது என்று ஒதுக்கிய கணினியில்தான் ஒரு மாணவர் அன்று பாடம் படித்தார்.

சேமிப்பகத்தை மாற்றும் முன் கோப்புகளைப் படியெடுத்து வைப்பது அவசியம். கழற்றிய வன்தட்டையும் உடனே வீசிவிடக்கூடாது. பல ஆண்டுக் குடும்பப் படங்கள் அதில் இருக்கக்கூடும். மேசைக்கணினியின் பெட்டிக்குள் இரண்டாவது சேமிப்பகம் வைக்கவும் பெரும்பாலும் இடம் இருக்கும்.