நெல்லோடு பிறந்த எண்

நடவு வயலில் பாட்டெடுத்துக் கொடுப்பதில் எங்கள் பேராவூரணிப் பக்கத்தில் பெயர் வாங்கியவரும், ஊரார் எல்லோரும் அப்பாயி என்றே அழைத்தவருமான ஒரு கிழவியை, நாட்டுப்பாடல் சேகரிப்பதற்காக நகரத்திலிருந்து வந்த மாணவர் இருவர் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துப் பாடச் சொன்னதையும், இரண்டடி பாடியதும் மூன்றாவது அடி வராமல் அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததையும் நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். "சேத்துல எறங்கிக் குனிஞ்சாத்தான் தம்பி வரும், இங்க குந்திக்கிட்டுக் கேட்டா எங்கேருந்து வரும்?" என்றார். வயோதிகத்தின் மறதியை மறைக்கச் சொல்லும் சமாதானம் என்றே மாணவர்கள் நினைத்தார்கள். மறுநாள் நடவு நடந்துகொண்டிருந்த வயலுக்கு அவரை அழைத்துப் போனபோது, முடிச்சை அவிழ்த்து நாற்றை ஊன்றிய கை நகர நகரப் பாட்டும் அடியடியாக நகர்ந்து வந்தது.

ஒன்றைக் கற்ற வேளையில் நம்மைச் சூழ்ந்திருந்தவை அதை நினைக்கும் வேளையிலும் சூழ்ந்திருந்தால் ஞாபகம் எளிதில் திரும்பும் என்பதை, எண்டெல் டல்விங்கும் டொனால்ட் தாம்சனும் 1973-ஆம் ஆண்டிலேயே மனோதத்துவ சாஸ்திரத்தின் ஒரு கொள்கையாக வகுத்தார்கள். அதற்கு இரண்டாண்டு கழித்து ஸ்காட்லாந்துக் கடலில், முக்குளிப்போர் சிலரைக் கரையிலும் இருபது அடி ஆழத்திலும் சொற்பட்டியல்களைக் கேட்கச் செய்து, நீருக்குள் கேட்டது நீருக்குள்ளேயே நன்றாக நினைவுக்கு வருகிறது என்று காட்டிய சோதனை உலகப் பிரசித்தி பெற்றது. ஆனால் 2021-இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் ஒருவர் அதைத் திரும்பச் செய்தபோது அந்த வேறுபாடு தென்படவில்லை. ஆகவே முக்குளிப்போரை நம்பி நான் வழக்காட வரவில்லை. நம் தேசத்துச் சந்தைகளிலேயே இதைவிட வலிய சாட்சி இருக்கிறது.

அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் தம் சகாக்களோடு கல்கத்தாவிலும் தில்லியிலும் அங்காடிகளில் வேலை செய்யும் 1,436 சிறுவர் சிறுமியரை ஆராய்ந்து, 2025-இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்ட முடிவை நம் கல்வி அதிகாரிகள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். காய்கறியின் எடையையும் விலையையும் மனத்திலேயே பெருக்கி, கொடுத்த நோட்டுக்கு மீதியைக் கழித்து, இமைக்கும் நேரத்தில் சில்லறை தரும் அந்தக் குழந்தைகள், அதே கடினமுடைய அல்லது அதைவிட எளிய கணக்கைப் பள்ளிக்கூட உருவத்தில் வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது திகைத்து நின்றார்கள். அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் படித்த, வியாபார அனுபவம் இல்லாத 471 பிள்ளைகளோ வெறும் எண்களை இவர்களைவிடத் திருத்தமாகக் கையாண்டும், அங்காடிப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் விடுவித்த ஒரு சந்தைக் கணக்கில், நூற்றுக்கு ஒருவர் மட்டுமே தேறினார்கள். இரு சாராரில் எவரையும் மூடர் என்று சொல்ல நியாயமில்லை. ஒவ்வொருவர் அறிவும் தான் பிறந்த வீட்டை விட்டு வெளியே வர வழி தெரியாமல் நிற்கிறது, அவ்வளவே.

நம் முன்னோர் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன் நெல்லிலக்கத்தை மனனம் செய்தபோது, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று களத்து நெல்லாகவே எண் அவன் வாயில் ஏறியது, பொன்னிலக்கத்தில் அது பொன்னாயிற்று, குழிமாற்றில் நிலமாயிற்று. இருபதில் ஒன்று என்ற பின்னத்துக்கு எண்சுவடியில் மா என்று பெயர். தஞ்சைத் தரணியில் வேலி நிலத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் மா என்றே பெயர். எண்பதில் ஒன்று காணி; நிலத்துக்கும் அதுவே சொல். பின்னம் என்பது வரப்பு கட்டிக் கண்முன் கிடந்தபடியால், இன்று ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகளை வதைக்கும் அந்த விஷயம் அன்று நடந்து பார்க்கக்கூடிய பொருளாக இருந்தது.

திண்ணைப் பள்ளியைத் துதி பாடுவது என் நோக்கமன்று. கோதண்டம் போட்டுப் பையனைத் தொங்கவிட்ட இடம் அது; சேற்றில் இறங்கி உழைத்தவர் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்தத் திண்ணை எட்டாத உயரத்தில் இருந்தது. மேலும், களத்து நெல்லில் மட்டுமே கணக்குத் தெரிந்தவனைப் புதிய அளவையோடு வரும் வியாபாரி சுலபமாக ஏமாற்றிவிடுவான். எண்ணுக்கு ஓர் இடம் போதாது. பல இடங்கள் வேண்டும். ஒரே சொற்பட்டியலை இருவேறு அறைகளில் படித்தவர்கள், ஒரே அறையில் இருமுறை படித்தவர்களைவிட, புதியதொரு மூன்றாவது அறையில் மிகுதியாக நினைவுகூர்ந்தார்கள் என்று 1978-இல் அமெரிக்காவில் ஸ்மித், கிளென்பெர்க், பியோர்க் ஆகியோர் கண்டது இதற்கு அனுசரணையானது.

2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் பாடத்தைத் தெருவுக்கே கொண்டுவந்தது நல்ல காரியந்தான். ஆனால் நான் பார்த்தவரையில் இடம் மாறியதே தவிரக் கணக்கின் வேஷம் மாறவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, விழுந்த மரம் எத்தனை, மரத்துக்கு நிவாரணம் எவ்வளவு, வட்டிக்காரனுக்குப் போக மிச்சம் என்ன என்று வீடுதோறும் கணக்கு ஓடியது. பிள்ளைகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி, அதையே மரமும் பணமும் நீக்கி வெறும் எண்ணாக்கி, மறுபடியும் ரேஷன் கடை வரிசைக்கும் தேங்காய்க் களத்துக்கும் இழுத்துப் போகும் அப்பியாசம் வகுப்பில் நடக்க வேண்டும். அதற்கு உபாத்தியாயருக்குப் பாடத்திட்டம் அவகாசம் தர வேண்டும். பரீட்சைத் தாளும் இரு உருவத்திலும் கேட்க வேண்டும்.

களத்தில் மரக்காலால் நெல் அளப்பவர் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்பார், பிறகு இரண்டு, மூன்று என்று போவார். தாத்தாவோடு களத்தில் கிடந்தே எண்ணக் கற்ற நான், பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்தில் எழுந்து நின்று "லாபம், ரெண்டு, மூணு" என்று தொடங்க, வகுப்பே சிரிக்க, வாத்தியார் உச்சந்தலையில் ஒரு குட்டு வைத்தார். அந்த வாத்தியாரின் முகம் இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அறுவடைக் காலத்தில் எந்தக் களத்து ஓரமாகப் போகும்போதும், யாராவது ஒரு பெரியவர் மரக்காலைச் சாய்த்து "லாபம்" என்று நீட்டிச் சொல்லக் கேட்டால், என் கை தன்னையறியாமல் தலையைத் தடவிக்கொள்கிறது.