சிவ நடனத்துக்கு ஜெனீவாவின் சான்று எதற்கு?

ஜெனீவாவுக்கு அருகில் உள்ள ‘செர்ன்’ துகள் இயற்பியல் ஆய்வக வளாகத்தில் இரண்டு மீட்டர் உயர நடராசர் சிலை நிற்கிறது. அந்த ஆய்வகத்தோடு இந்தியாவுக்குள்ள நெடுநாள் உறவின் அடையாளமாக இந்திய அரசு அளித்த அன்பளிப்பு அது. 2004 ஜூன் 18 அன்று திறந்துவைக்கப்பட்டது. இங்கே சொற்பொழிவு மேடைகளிலும் வாட்ஸ்அப்பிலும் அந்தச் சிலை ஒரு தீர்ப்பாகவே ஆகிவிட்டது. அணுவுக்குள் நடப்பது ஆனந்தத் தாண்டவம் என்று விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்கிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. இயற்பியலுக்கும் இதில் நியாயம் இல்லை, சைவத்துக்கும் இல்லை.

இந்த ஒப்புமைக்கு இரண்டு பேர் முக்கியக் காரணம். ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் பிறந்தவர்; ஈழத்துத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மகன். நிலவியல் படித்து இலங்கையின் கனிமங்களை ஆராய்ந்தவர், பிறகு கலை வரலாற்றுக்கு வந்தார். நடராசர் வடிவத்தை மேலை வாசகர்களுக்கு விளக்கிய அவரது ‘சிவ நடனம்’ 1918இல் வெளிவந்தது. மற்றவர் ஆஸ்திரியரான ஃப்ரிட்ஜோஃப் காப்ரா. கடற்கரையில் அமர்ந்திருந்தபோது, அணுத்துகள்களின் இயக்கத்தைச் சிவ நடனமாகவே உணர்ந்ததாகச் சொன்ன இயற்பியலாளர். அவருடைய ‘இயற்பியலின் தாவோ’ 1975இல் வெளியாகி உலகமெங்கும் விற்றது. செர்ன் சிலையின் அருகே உள்ள பலகையில் இந்த இருவரின் சொற்களும் இடம்பெற்றிருக்கின்றன.

காப்ரா எந்த இயற்பியலை நம்பி அந்த நூலை எழுதினார் என்பதை நம் மேடைகள் சொல்வதில்லை. அப்போது கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜெஃப்ரி சூ முன்வைத்த ‘பூட்ஸ்ட்ராப்’ என்ற கோட்பாடு செல்வாக்கோடு இருந்தது. அடிப்படைத் துகள் என்று எதுவுமே இல்லை, ஒவ்வொரு துகளும் மற்றெல்லாத் துகள்களாலும் ஆனது என்பது அதன் சாரம். ஒவ்வொன்றிலும் அனைத்தும் பிரதிபலிக்கும் என்ற மகாயான பௌத்தக் கருத்தோடு இதைக் காப்ரா இணைத்தார். அழகான இணைப்புதான். ஆனால், 1974 நவம்பரில் அமெரிக்காவின் இரண்டு ஆய்வகங்கள், ஜே/சை என்ற ஒரே துகளைத் தனித்தனியே கண்டுபிடித்தன. குவார்க் என்னும் அடிப்படைத் துகள்கள் உண்டு என்ற கருத்து அதோடு உறுதிப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் பூட்ஸ்ட்ராப் ஓரம்கட்டப்பட்டது. நூல் அச்சேறிய வேளையிலேயே அதன் அடித்தளம் ஆட்டம் கண்டிருந்தது. அதற்காகப் பௌத்தம் பொய்த்துவிட்டதென்று யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. கோட்பாடு விழுந்தபோது தத்துவத்துக்குக் காயம் படவில்லை என்றால், அது நிமிர்ந்து நின்றபோதும் தத்துவத்துக்குப் பலம் சேர்க்கவில்லை என்றுதானே பொருள்?

இன்னொரு வாதமும் அடிக்கடி காதில் விழுகிறது. குவாண்டம் இயற்பியலில் ‘பார்ப்பவர்’ இல்லாமல் பொருள் இல்லை, ஆகவே உலகம் மனத்தின் தோற்றமே என்பது அது. வியன்னாவில் 2004இல் வெளியான ஒரு சோதனையைப் பார்க்கலாம். 70 கார்பன் அணுக்கள் கூடிப் பந்துபோல் அமைந்த மூலக்கூறுகளை, மிக நுண்ணிய பிளவுகள் கொண்ட தட்டுகளின் வழியே செலுத்தினார்கள். அலைகளைப் போலவே அவை மறுபுறம் வரிவரியான பட்டைகளை உண்டாக்கின. பிறகு, போகும் வழியில் லேசர் கொண்டு அந்த மூலக்கூறுகளைச் சூடேற்றினார்கள். பழுக்கக் காய்ந்த இரும்பைப் போல அவையும் ஒளியைக் கக்கின. சூடு ஏற ஏறப் பட்டைகள் மங்கி மறைந்தன. தான் எந்த வழியே போகிறது என்ற செய்தியை மூலக்கூறு தன் ஒளியோடு வெளியே விட்டுவிட்டது, காரணம் அவ்வளவுதான். அந்த ஒளியை ஒருவரும் பார்க்கவில்லை, அதைப் பிடித்து வழியைக் குறித்துக்கொள்ளக் கருவியும் வைக்கவில்லை. சுற்றுப்புறத்தில் தடம் பதிந்தாலே போதும், மனம் தேவைப்படவில்லை. பல வாய்ப்புகளில் ஒன்று மட்டும் ஏன் நிகழ்வாகிறது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை என்பது உண்மை. தீராத கேள்வி ஒன்று இருப்பதையே வேதாந்தத்துக்குக் கிடைத்த பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது.

‘கீழை மெய்ஞ்ஞானம்’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. பிரமம் ஒன்றே மெய், உலகம் மாயை என்கிறது அத்வைதம். பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி, உலகம் உள்பொருள் என்கிறது சைவ சித்தாந்தம். நிலைத்த ஆன்மாவே இல்லை என்கிறது பௌத்தம். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் மாயாவாதத்தையும் பௌத்தப் பிரிவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, எதிராளியின் வாதத்தை முதலில் முறையாகச் சொல்லி, அதன் பிறகே மறுத்தார். ‘எல்லாம் ஒன்று, உலகம் தோற்றம்’ என்று குவாண்டம் நிரூபித்துவிட்டது எனத் தில்லைக்கூத்தனைச் சாட்சிக்கு அழைப்பவர்கள், அந்தக் கூத்தனைப் பாடிய சித்தாந்திகளுக்கு எதிராகவே தீர்ப்பு எழுதுகிறார்கள்.

அப்படியானால் இயற்பியலாளர்கள் உபநிடதம் படித்ததில் பயனே இல்லையா? எர்வின் ஷ்ரோடிங்கர் 1925இல் வேதாந்தம் பற்றி ஆழ்ந்து எழுதினார்; 1926இல் புகழ்பெற்ற அலைச் சமன்பாட்டை வெளியிட்டார். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததாகச் சொல்ல அந்த ஆய்வுக் கட்டுரைகளில் தடயம் இல்லை. அவற்றில் இருப்பவை ஹாமில்டனின் இயக்கவியலும் டி பிராய் சொன்ன பொருளலையும்தான். ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் நிலைகள் சரியாக வந்ததால்தான் உலகம் சமன்பாட்டை ஏற்றது. ‘உயிர் என்றால் என்ன?’ நூலிலும் உபநிடதத்தை அவர் பின்னுரையில்தான் வைத்தார். அந்த எல்லைக்கோட்டை மதித்ததால் அவருடைய வேதாந்தப் பற்று எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

தத்துவ வேட்கை தரக்கூடியது துணிச்சல். பெர்க்லியில் 1975இல் இளம் இயற்பியலாளர்கள் சிலர் வாரந்தோறும் கூடி, கல்வித்துறை ஒதுக்கி வைத்திருந்த குவாண்டம் புதிர்களையும் கீழைத் தத்துவத்தையும் விவாதித்தார்கள். காப்ராவும் அங்கே வந்தார். 2022இல் நோபல் பரிசு பெற்ற ஜான் கிளவுசரும் வந்தார். அந்தக் குழுவின் நிக் ஹெர்பர்ட், பிணைந்த துகள்களைக் கொண்டு ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அது தவறு. எங்கே தவறு என்று தேடியவர்கள், தெரியாத ஒரு குவாண்டம் நிலையைப் படியெடுக்கவே முடியாது என்ற தேற்றத்தை 1982இல் நிறுவினார்கள். இன்றைய குவாண்டம் மறையாக்கத்தின் பாதுகாப்பு அந்தத் தேற்றத்தின் மேல்தான் நிற்கிறது. ஹெர்பர்ட்டின் கட்டுரையை இதழுக்காக மதிப்பிட்டவர்களில் ஒருவர் ஆஷர் பெரெஸ். அது பிழையானது என்று தெரிந்தே வெளியிடப் பரிந்துரைத்ததாகவும், பிழையைத் தேடும் முயற்சி இயற்பியலை முன்னே கொண்டுபோகும் என்று நம்பியதாகவும் அவரே பின்னாளில் எழுதினார்.