ஒண்டுக்குடித்தன மென்பொருள்

ஒரே வீட்டில் பல குடும்பங்கள் வாழ்வதை ஒண்டுக்குடித்தனம் என்பர். கிணறும் முற்றமும் பொது. அடுப்பு மட்டும் தனித்தனி. இணையவழி வாடகைக்குக் கிடைக்கும் இக்கால மென்பொருள்களும் இவ்வினத்தனவே. மென்பொருள் ஒன்று, அதனுள் கணக்கு வைத்திருக்கும் நிறுவனங்களோ பற்பல. வீட்டுக்காரர் முன்னறிவிப்பின்றிக் கிணற்றடியை இடித்துக் கட்டத் தொடங்கினால் அத்தனை குடித்தனமும் தவிக்கும்.

திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் டெய்ம்லர், ராயல் என்பீல்டு எனப் பேராலைகள் எழுந்தன. வாகன உதிரிப்பாகம் செய்து பிழைக்கும் சிறு பட்டறைகளும் உடன் வளர்ந்தன. தமக்கென மென்பொருள் செய்வித்துக்கொள்ள அவற்றிற்கு வசதி ஏது? மாத வாடகை மென்பொருளே கதி. விலைப்பட்டியல் அச்சாகாவிடில் சரக்கு வண்டி வாயிலைத் தாண்டாது.

சரக்கு மற்றும் சேவை வரி மன்றம் 3-9-2025இல் கூடி வரி விகிதங்களைத் திருத்தியது. 22-9-2025இல் அவை நடைமுறைக்கு வந்தன. இடையே இருந்தவை 19 நாள்களே. 28 விழுக்காட்டில் இருந்த வாகன உதிரிப்பாகங்கள் 18 விழுக்காட்டிற்கு இறங்கின. வரி குறைந்தது நன்றே. ஆயின், மென்பொருளில் ஓர் எண்ணை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என எண்ணுதல் பேதைமை. ஆகஸ்டில் 28 விழுக்காடு வரியுடன் விற்ற பொருள் பழுதென்று அக்டோபரில் திரும்பி வருமாயின், அதற்குரிய கிரெடிட் நோட்டில் பழைய 28 விழுக்காடே இருத்தல் வேண்டும். பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதிய மென்பொருள் இங்கே தவறான கணக்கையே காட்டும். ஒவ்வொரு விகிதத்தோடும் அது தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் சேர்த்து வைத்த மென்பொருள் தப்பும்.

நிறுவனத்திற்கு ஒரு தனிப்படி எனப் பிரித்துக் கொடுத்துவிடலாமே என்பாரும் உளர். யாம் உடன்படோம். அவ்வாறாயின் ஒவ்வொரு வரி மாற்றத்தையும் ஒவ்வொரு படியிலும் திருத்த நேரும். அச்செலவு இறுதியில் பட்டறைக்காரர் தலையிலேயே விடியும். தொல்காப்பியர் திசைச்சொற்களுக்கு இடம் தந்தார். திசைக்கோர் இலக்கணம் செய்தாரில்லை. வேறுபாட்டை நூலுக்குள்ளேயே விதியாக அமைத்த அம்முறை மென்பொருளார்க்கும் உகந்தது.

மாற்றத்தைப் படிப்படியாகப் புகுத்தலும் இயல்வதே. மின்விலைப்பட்டியல் முறை 1-10-2020இல், ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாய்க்கு மேற்பட்டோர்க்கு மட்டும் வந்தது. பின் 100, 50, 20, 10 என வரம்பு இறங்கி 1-8-2023இல் 5 கோடியைத் தொட்டது. சிறியோர்க்கு ஏறத்தாழ மூன்றாண்டு அவகாசம் கிடைத்தது. அரசே இவ்வாறு பொறுத்திருக்க, மென்பொருளார் சிலர் ஒரே இரவில் திரையின் முகத்தையே மாற்றிவிடுவது ஏனோ!

மாதந்தோறும் 11ஆம் நாள் விற்பனை விவரமும் 20ஆம் நாள் வரிக்கணக்கும் அளிக்க வேண்டியோர் பலர். அந்நாள்கள் கழியும்வரை திரையில் கைவைத்தலாகாது என்பது எம் கோரிக்கை. வரவிருக்கும் மாற்றத்தைக் கூறும் அறிவிப்பு தமிழிலும் வருதல் வேண்டும். கலைக்கல்லூரியில் பயின்று செல்லும் நம் மாணவர் பலர் அமரப்போவது அக்கணக்கு மேசைகளின் முன்தான். அவ்வறிவிப்பை நல்ல தமிழில் எழுதித் தரவும் நம்மிடம் ஆள் உண்டு. கேட்பார்தாம் இதுவரை வந்திலர்.