காம்யு கற்பித்தது விரக்தி அன்று

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் பெயரைச் சொன்ன அளவில் நம் மாணவர் சிலர் பெருமூச்செறிகின்றனர். வாழ்க்கை பொருளற்றது, ஆகவே எதற்கும் முயலவேண்டா என்பதே அவர்தம் கொள்கை எனக் கட்டுரையும் எழுதித் தருகின்றனர். ஆசிரியர் சிலரோ, தோட்டப் பிள்ளைகளுக்கு ஐரோப்பியத் தத்துவம் எதற்கு என்கின்றனர். இரு கூற்றும் படியாமையின் விளைவே.

1942இல் வெளிவந்த ‘அந்நியன்’ புதினத்தோடு காம்யுவை மூடிவைத்துவிடுகிறோம். (வெ. ஸ்ரீராமின் தமிழாக்கம் 1980இல் வந்தது. அதையேனும் முழுதும் படித்தவர் எத்துணைப் பேர்?) 1951இல் அவர் எழுதிய ‘கலகக்காரன்’ என்னும் சிந்தனை நூலைத் தொடுவாரில்லை. அந்நூல் ஓர் அடிமையிடமிருந்து தொடங்குகிறது. வாழ்நாளெல்லாம் ஏவலுக்குப் பணிந்தவன் ஒருநாள் ‘மாட்டேன்’ என்கிறான். இதுவரை பொறுத்தேன், இதற்கு மேல் இல்லை என ஓர் எல்லையைக் காட்டுகிறான். அவ்வெல்லைக்குள் அவன் காப்பது தன்மானத்தை மட்டுமன்று. மாந்தர் அனைவர்க்கும் பொதுவான ஒன்றை என்பதே காம்யுவின் முடிபு.

இதற்கு உரை தேடிப் பாரிஸ் செல்லவேண்டா. கோலாலம்பூருக்கு அருகே கிள்ளான் இருக்கிறது. அந்நூலுக்குப் பத்தாண்டு முன்னரே, 1941இல், அவ்வட்டார இரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. ஊதிய உயர்வு கேட்டனர்; கள்ளுக்கடைகளை மூடவும், பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமையை நிறுத்தவும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி தரவும் கேட்டனர். மேலும் ஒன்று கேட்டனர்: துரையையும் கிராணியையும் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும். கூலியில் ஒரு காசும் கூட்டாத கோரிக்கை இது! இதைச் சிறிதென்று கடந்து செல்வோர் காம்யுவை நூறுமுறை ஓதினும் பயனில்லை. அவ்வாண்டு மே மாதம் நாதன் கைதானார்; பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

காம்யுவைத் தொழுக என்பதன்று என் கருத்து. 1939இல் அல்ஜீரியாவின் கபிலியா மலைமக்கள் பட்ட வறுமையை நாளிதழில் அம்பலப்படுத்திய அவரே, பின்னர் அந்நாட்டின் முழு விடுதலையை ஏற்கவில்லை. அடிமையின் ‘மாட்டேன்’ என்னும் சொல்லை அத்துணை நுட்பமாகக் கேட்ட செவி, சொந்த மண்ணில் எழுந்த அதே சொல்லுக்கு முழுதும் திறக்கவில்லை. ‘அந்நியன்’ கதையில் சுடப்பட்டு இறக்கும் அரேபியனுக்கோ பெயரே இல்லை. அவன் பெயர் என்ன என்று முதலில் கேட்கவேண்டியவர்கள், துரைமார் ‘கூலி’ என்று மட்டுமே அழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்.