நிலா வந்தது... அலாரம் அடித்தது!

நிலாவைக் காட்டித்தான் நமக்கெல்லாம் சோறு ஊட்டினார்கள். அதே நிலா ஒருமுறை அமெரிக்க ராணுவத்தையே கலங்கடித்திருக்கிறது, தெரியுமா?

கிரீன்லாந்தின் வடமேற்கு ஓரத்தில் துலே என்றொரு அமெரிக்க விமானப்படைத் தளம். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே எட்டிப்பார்க்காது. சோவியத் யூனியன் ஏவுகணை வீசினால் வட துருவம் வழியாகத்தான் வரும், அதுதான் குறுக்கு வழி. அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க அங்கே ராட்சத ரேடார்களை நிறுத்தினார்கள். ஒவ்வொரு ஆன்டெனாவும் சுமார் 50 மீட்டர் உயரம், 120 மீட்டர் அகலம். இவ்வளவும் எதற்கு? சுமார் 15 நிமிட அவகாசத்துக்காக!

1960 அக்டோபர் 5. ரேடார் வேலையைத் தொடங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. திடீரென்று கொலராடோவில் இருந்த வான் பாதுகாப்புத் தலைமையகத்துக்கு எச்சரிக்கை பறந்தது. ஆபத்தின் அளவு, உச்சபட்சமான 5. அப்போது பொறுப்பில் இருந்தவர் கனடா விமானப்படை அதிகாரி ராய் ஸ்லெமன். மனிதர் பதறவில்லை. குருஷேவ் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்தார். சோவியத் தலைவர் ஐ.நா. கூட்டத்துக்காக நியூயார்க்கில் இருந்தார். தங்கள் தலைவர் அமெரிக்காவில் இருக்கும்போது அவர்களே ஏவுகணை வீசுவார்களா? எந்தக் கருவிக்கும் தோன்றாத கேள்வி இது.

கடைசியில் பார்த்தால், நார்வே பக்கம் நிலா உதித்திருக்கிறது! ரேடார் அலை நிலாவில் பட்டுத் திரும்பி வர இரண்டரை விநாடி ஆகும். அதற்குள் அடுத்தடுத்த அலைகள் கிளம்பிவிடும். தாமதமாக வந்த எதிரொலியைப் புது அலையின் எதிரொலி என்று கருவி கணக்குப்போட்டுவிட்டது. சுமார் 3.8 லட்சம் கி.மீ. தள்ளி இருந்த நிலா, பக்கத்திலேயே வருவதுபோலத் தெரிந்தது.

ரேடார் கத்தினால் மட்டுமா பயம்? அது மௌனமானாலும் பயம்தான். யாராவது தாக்கி அழித்துவிட்டார்களோ என்ற சந்தேகம் வரும். அதனால் துலேவுக்கு மேலே பி-52 குண்டுவீச்சு விமானத்தைச் சுற்றவிட்டார்கள். காவல்காரனுக்கே ஒரு காவல்காரன்! 1961 நவம்பரில் நிஜமாகவே தொடர்பு அறுந்தது. குண்டுவீச்சு விமானங்களைத் தயார்நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். துலே பத்திரமாக இருப்பதைச் சொன்னது வானில் சுற்றிய பி-52தான். கோளாறு, கொலராடோவில் ஒரு தொலைபேசி இணைப்பு நிலையத்தில்.

ஆனால், 1968 ஜனவரி 21 அன்று அந்தக் காவல் விமானங்களில் ஒன்றே தீப்பிடித்து, தளத்துக்கு அருகே உறைந்த கடலில் விழுந்தது. ஹீட்டர் பக்கம் திணித்துவைத்த குஷன்களில் பற்றிய தீ. உள்ளே 4 ஹைட்ரஜன் குண்டுகள். அணுவெடிப்பு நிகழவில்லை. ஆனால், பனியெங்கும் புளூட்டோனியம் சிதறியது. பணியாளர் 7 பேரில் ஒருவர் இறந்தார்.

உதவிக்கு நாய் பூட்டிய பனிவண்டிகளோடு வந்தவர்கள் அந்த மண்ணின் இனுகுயிட் மக்கள். தளத்துக்காக 1953-ல் பிட்டுஃபிக் என்ற தங்கள் ஊரைக் காலிசெய்து, 100 கி.மீ.க்கு மேல் வடக்கே போக வைக்கப்பட்டவர்கள். ரேடார் இன்றும் அங்கே இயங்குகிறது. 2023-ல் தளத்துக்குப் புதுப் பெயர் வைத்தார்கள்: பிட்டுஃபிக்.